வளரும் நகரமும் நீளும் காத்திருப்பும்: பொதுப் போக்குவரத்து விரிவாக்கம் பற்றிய எளிய விளக்கம்

ஒரு நகரம் வேகமாக வளரத் தொடங்கியதும், அங்கே பொதுப் போக்குவரத்தை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. அந்தப் பேச்சில் பெரும்பாலும் இரண்டு எண்களே அடிபடுகின்றன: எத்தனை கிலோமீட்டருக்குப் புதிய தடம் போடப்படும், எத்தனை புதிய பேருந்துகள் வாங்கப்படும். இந்த எண்கள் பொய்யானவை அல்ல. ஆனால் இவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நகரத்தின் சேவை வளர்ந்ததா தேய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பேருந்துகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்போதும் நிறுத்தத்தில் நிற்பவரின் காத்திருப்பு நீளக்கூடும். ஒரு பேருந்துகூடக் கூடுதலாக வாங்காமல் அந்தக் காத்திருப்பைக் குறைக்கவும் கூடும். இது எப்படி நேர்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இடையிடையே சிறிது கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட்

பொதுப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ள நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான உவமை, அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கும் லிஃப்ட். அதுவும் பலர் பகிர்ந்துகொள்ளும் வாகனம்தான். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நிற்கிறது. ஒரே பாதையில் போய்த் திரும்புகிறது. ஆனால் லிஃப்டுக்குக் கால அட்டவணை கேட்பவர் யாருமில்லை. பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ வந்துவிடும் என்ற நம்பிக்கை இருப்பதால், அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. அதே லிஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று வைத்துக்கொண்டால், அது எவ்வளவு வேகமாக ஏறினாலும், உள்ளே எவ்வளவு வசதி இருந்தாலும், முடிந்தவர்கள் படியேறிப் போய்விடுவார்கள். முடியாதவர்கள் வேறு வழியின்றி நிற்பார்கள்.

இப்போது அந்தக் கட்டடம் வளர்கிறது என்று கொள்வோம். எட்டு மாடியாக இருந்தது பதினாறு மாடியாகிறது. லிஃப்ட் மட்டும் அதே ஒன்று. மேலே புதிதாகக் குடியேறியவர்களுக்கு மட்டுமா சிரமம்? இரண்டாம் மாடியில் பல ஆண்டுகளாக இருப்பவரும் முன்னைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் லிஃப்ட் மேலே போய்த் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரமே நீண்டுவிட்டது. வேகமாக வளரும் நகரத்தில் பேருந்துக்கு நேர்வதும் இதுவே. இந்த உவமையைக் கட்டுரையின் பின்பகுதியிலும் பயன்படுத்துவோம்.

வருகை இடைவெளி

ஒரு நிறுத்தத்தில் ஒரே வழித்தடத்தின் ஒரு பேருந்து போனதற்கும் அடுத்தது வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தை வருகை இடைவெளி என்கிறோம். பேருந்துகள் சீரான இடைவெளியில் வந்தால், முன்கூட்டித் திட்டமிடாமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக அந்த இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். இடைவெளி 30 நிமிடம் என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். 10 நிமிடம் என்றால் 5 நிமிடம்.

பயணத்தின் மொத்த நேரத்தில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 20 நிமிடப் பயணத்துக்கு 15 நிமிடம் காத்திருப்பவருக்கு, பேருந்தின் வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் மிச்சமாவது 4 நிமிடம். வேகத்தைத் தொடாமல் இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைத்தால் மிச்சமாவது 10 நிமிடம். அதுமட்டுமல்ல, இடைவெளி ஏறத்தாழ 10 நிமிடத்துக்குக் கீழே வரும்போது வேறொரு மாற்றமும் நிகழ்கிறது: பயணி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். கிளம்ப நினைத்ததும் கிளம்பலாம், ஒரு பேருந்தைத் தவறவிட்டாலும் கவலையில்லை என்ற நிலை வரும்போதுதான், சொந்த வாகனம் தரும் சுதந்திரத்துக்கு நெருக்கமான ஒன்றைப் பொதுப் போக்குவரத்து தரத் தொடங்குகிறது.

சுற்று நேரம்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண்

வருகை இடைவெளியைத் தீர்மானிப்பது எது? பேருந்துகளின் எண்ணிக்கை என்பது பாதி விடைதான். மறுபாதி சுற்று நேரம். ஒரு பேருந்து முனையத்திலிருந்து கிளம்பி, மறுமுனையைத் தொட்டு, ஓட்டுநரின் ஓய்வு நேரமும் சேர்த்து, மீண்டும் கிளம்பத் தயாராகும் வரை ஆகும் மொத்த நேரமே சுற்று நேரம். அதை அந்த வழித்தடத்தில் ஓடும் பேருந்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகை இடைவெளி கிடைத்துவிடும்.

ஒரு வழித்தடத்தின் சுற்று நேரம் 120 நிமிடம், அதில் 12 பேருந்துகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. சில ஆண்டுகளில் நகரம் வளர்கிறது, சாலையில் கார்களும் இருசக்கர வாகனங்களும் பெருகுகின்றன, அதே வழித்தடத்தைச் சுற்றிவர இப்போது 150 நிமிடம் ஆகிறது. பேருந்துகள் அதே 12-தான் என்றால் இடைவெளி 12.5 நிமிடமாகிவிடுகிறது. பழையபடி பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டுமானால் 15 பேருந்துகள் தேவை. அதாவது, மூன்று புதிய பேருந்துகள் வாங்கி, ஓட்டுநர்களும் நடத்துநர்களும் நியமித்து, கொடியசைத்துத் தொடங்கி வைத்த பிறகும், பயணிக்குக் கிடைப்பது அவர் ஏற்கெனவே பெற்றிருந்த அதே பத்து நிமிட இடைவெளிதான். பயண நேரமோ முன்னைவிட நீண்டிருக்கிறது. கால் பங்கு கூடுதல் செலவும் நெரிசல் தின்றதை ஈடுகட்டுவதிலேயே கரைந்துவிட்டது.

இதே கணக்கை எதிர்த்திசையில் போட்டுப் பார்க்கலாம். அந்தச் சாலையில் பேருந்துக்கென்று தனியாக ஒரு தடம் ஒதுக்கி, சிக்னல்களில் அதற்கு முன்னுரிமை கொடுத்து, சுற்று நேரத்தை 120-லிருந்து 90 நிமிடமாகக் குறைக்க முடிந்தால், அதே 12 பேருந்துகள் ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாக வரும். புதிதாக ஒரு பேருந்தும் வாங்கவில்லை, ஓர் ஓட்டுநரும் கூடவில்லை. பயணம் விரைவாகிவிட்டது, காத்திருப்பும் குறைந்துவிட்டது. பேருந்தின் வேகத்தைக் கூட்டுவது பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குச் சமம் என்ற இந்த ஒரு செய்தியைத்தான், இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும், வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென நான் விரும்புகிறேன்.

நகரம் வளரும்போது சுற்று நேரம் நீளுவதற்கு நெரிசல் மட்டுமே காரணமன்று. புறநகரில் புதிய குடியிருப்புகள் எழும்போது, அங்கு வாழ்பவர்கள் நியாயமாகவே பேருந்து கேட்கிறார்கள். மிக எளிதான விடையாக, ஏற்கெனவே உள்ள வழித்தடம் ஐந்து கிலோமீட்டர் நீட்டப்படுகிறது, பேருந்துகள் கூட்டப்படுவதில்லை. வரைபடத்தில் இது விரிவாக்கமாகத் தெரியும். லிஃப்ட் உவமையில் இது மாடி கூட்டிய கதைதான். வழித்தடம் முழுவதிலும் இருக்கும் ஒவ்வொருவரின் காத்திருப்பிலிருந்தும் சிறிது எடுத்துத்தான் அந்த ஐந்து கிலோமீட்டர் போடப்பட்டிருக்கிறது.

ஒன்றும் வராமல் இருந்து, மூன்று சேர்ந்து வருவது ஏன்?

நெடுநேரம் ஒரு பேருந்தும் வராமல், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வருவதைப் பார்க்காத பயணி இல்லை. இதற்கு ஓட்டுநர்களின் அலட்சியமே காரணம் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில், யாரும் தவறு செய்யாவிட்டாலும் இது தானாகவே நிகழும்.

சீரான இடைவெளியில் கிளம்பிய பேருந்துகளில் ஒன்று, ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறுவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆகவே அதற்கடுத்த நிறுத்தத்துக்கு அந்தப் பேருந்து இன்னும் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. அங்கே இன்னும் பெரிய கூட்டம் நிற்கிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ நேர்மாறான நிலை: முன்னது எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால், நிறுத்தங்களில் ஆளில்லை, நிற்க வேண்டிய நேரம் குறைவு, விரைவாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. சிறு தாமதம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் இந்த நிகழ்வை, பேருந்துகள் கொத்தாக வருதல் என்று சொல்லலாம்.

இதனால் ஏற்படும் இழப்பை அளந்து பார்ப்பது பயனுள்ளது. 20 நிமிடத்தில் இரண்டு பேருந்துகள், நிமிடத்துக்கு ஒருவராக 20 பயணிகள் என்று கொள்வோம். பேருந்துகள் 10 நிமிட இடைவெளியில் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அவையே 18 நிமிடம், 2 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தால் என்ன ஆகும்? இருபது பேரில் 18 பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்கள் சராசரியாக 9 நிமிடம் காத்திருப்பார்கள். மீதி இருவருக்குத்தான் ஒரு நிமிடத்தில் பேருந்து கிடைக்கும். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். நிர்வாகத்தின் பதிவேட்டில் இரண்டு நிலையிலும் ஒரே எண்ணிக்கையிலான நடைகள் ஓடியிருக்கும். பயணியின் அனுபவமோ முற்றிலும் வேறு. கூட்டமும் அப்படியே: 18 பேர் ஒரு பேருந்தில் நெரிசலாகவும், 2 பேர் அடுத்ததில் காலியாகவும் போவார்கள். "பேருந்துகள் பாதி காலியாகவே ஓடுகின்றன" என்ற கணக்கும், "ஏற இடமே இல்லை" என்ற புலம்பலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

ஏறும் நேரத்தைச் சுருக்குவதே இதற்கான முதல் மருந்து. ஒருவர் ஏற மூன்று நொடி என்றால், ஒரே கதவில் 20 பேர் ஏற ஒரு நிமிடம் ஆகும். மூன்று கதவுகளிலும் ஏறலாம் என்றால் 20 நொடிதான். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1991-இல் குழாய் வடிவ நிறுத்தங்களை அமைத்தபோது செய்தது இதையே. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவார். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரத்தில் இருக்கும். பேருந்து வந்ததும் எல்லாக் கதவுகளும் திறக்கும். முதியவர்களும் குழந்தையைத் தூக்கி வருபவர்களும் படியேறத் தடுமாற வேண்டியதில்லை என்பது இதில் சேர்ந்து கிடைத்த நன்மை. அது எந்த வகையிலும் சிறிய நன்மையன்று.

இதுவரை பார்த்தவை சுருக்கமாக: பயணிக்குச் சேவை என்பது வருகை இடைவெளி. அந்த இடைவெளி, சுற்று நேரத்தைப் பேருந்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வளரும் நகரத்தில் சுற்று நேரம் தானாகவே நீளும். ஒழுங்கின்மை அதன் பாதிப்பை மேலும் கூட்டும்.

கொள்திறன்: பேருந்தா, ரயிலா?

பொது விவாதங்களில் அதிகச் சூடு பிறப்பது இந்தக் கேள்வியில்தான். இதற்கு விடை விருப்பத்தைப் பொறுத்ததன்று, கொள்திறனைப் பொறுத்தது. ஒரு தடத்தின் வழியே, ஒரு திசையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோக முடியும் என்பதே கொள்திறன்.

சிக்னல்கள் உள்ள நகரச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு 800 கார்கள் போகின்றன, ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒன்றரைப் பேர் இருக்கிறார்கள் என்றால், அந்தத் தடம் கடத்துவது 1,200 பேரை. அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் 3,600 பேர். ஆயிரம் பேரை ஏற்றும் ரயில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் 30,000 பேர். லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா தடத்தில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 நொடிக்கு ஒன்று, ஓடுகின்றன. வேறெந்தப் போக்குவரத்துடனும் கலக்காத தனிப்பாதை இருப்பதால்தான் இது முடிகிறது.

கவனிக்க வேண்டியது அந்தத் தனிப்பாதையை. ரயிலின் வலிமையில் பெரும்பங்கு அதன் சக்கரத்திலிருந்து வருவதில்லை. அதன் பாதையில் வேறு யாரும் குறுக்கிட முடியாது என்பதிலிருந்து வருகிறது. அந்தச் சலுகையைப் பேருந்துக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டதன் விளைவே விரைவுப் பேருந்துத் தடம்: சாலையின் நடுவே பேருந்துக்கு மட்டுமான பாதை, முன்கூட்டியே கட்டணம் செலுத்தும் நிலையங்கள், பல கதவுகள் கொண்ட நீண்ட பேருந்துகள். கட்டடக் கலைஞரான மேயர் ஜெய்ம் லெர்னரின் காலத்தில், 1974-இல், குரிட்டிபா இத்தகைய பேருந்துத் தடத்தைத் தொடங்கியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தன் விரைவுப் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது, நிலையங்களில் ஒரு பேருந்தை மற்றொன்று முந்திச் செல்ல இரண்டாவது தடமும் அமைத்தது. எல்லா நிலையங்களிலும் நிற்காத விரைவுப் பேருந்துகள் அதனால் சாத்தியமாயின. அதன் மிக நெரிசலான பகுதி ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கும் மேல் சுமக்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்த வெற்றியே தாங்க முடியாத கூட்டத்தையும் கொண்டுவந்தது; இப்போது பொகோட்டா மெட்ரோ ரயிலும் கட்டிவருகிறது. பேருந்து வெல்லும், ரயில் தோற்கும் என்றோ, அதற்கு மாறாகவோ இதிலிருந்து முடிவு செய்வது சரியாகாது. இத்தனை பேர் பயணம் செய்யும் தடத்துக்கு இந்த வகை வாகனம் என்று பொருத்திப் பார்ப்பதே முறை. மணிக்கு இரண்டாயிரம் பேர் போகும் தடத்துக்குச் சுரங்க ரயில் கட்டுவதும், முப்பதாயிரம் பேர் போகும் தடத்தைச் சாதாரணப் பேருந்தால் சமாளிக்க முயல்வதும் ஒரே வகைப் பிழைகள்.

மாறிச் செல்வது ஒரு குறையா?

"எங்கள் பகுதியிலிருந்து நேரடிப் பேருந்து இல்லை" என்பது எல்லா நகரங்களிலும் கேட்கும் குறை. ஒரு வாகனத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவது தொல்லைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் நேரடிச் சேவைக்கும் ஒரு விலை உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான்கு குடியிருப்புப் பகுதிகள், நான்கு பணியிடப் பகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் நேரடிப் பேருந்து விட 16 வழித்தடங்கள் வேண்டும். கையில் 48 பேருந்துகள் இருந்தால் தடத்துக்கு மூன்றுதான் கிடைக்கும். சுற்று நேரம் 90 நிமிடம் என்றால் இடைவெளி 30 நிமிடம்; சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். இப்போது எல்லாத் தடங்களும் நடுவே ஓர் இடத்தில் சந்திக்கட்டும்: நான்கு குடியிருப்புகளிலிருந்து நான்கு, நான்கு பணியிடங்களுக்கு நான்கு, ஆக எட்டுத் தடங்கள். ஒவ்வொன்றும் பாதி நீளம், ஆகவே சுற்று நேரம் ஏறத்தாழ 45 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஆறு பேருந்துகள். இடைவெளி ஏழரை நிமிடம். பயணி இருமுறை காத்திருந்தாலும், இரண்டும் சேர்ந்த சராசரி ஏழரை நிமிடம்தான். நேரடிப் பேருந்துக்காகக் காத்திருந்ததில் இது பாதி.

லிஃப்ட் உவமை இங்கேயும் உதவுகிறது. மிக உயரமான கட்டடங்களில் ஒவ்வொரு மாடிக்கும் தரையிலிருந்து நேரடி லிஃப்ட் வைத்தால், கட்டடத்தின் பெரும்பகுதி லிஃப்டுக்கே போய்விடும். அதனால் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் 44, 78 ஆகிய மாடிகளில் மாறும் தளங்கள் அமைத்தார்கள். 2001-இல் அவை தகர்க்கப்படும் வரை, விரைவு லிஃப்டில் அங்கே போய், உள்ளூர் லிஃப்டுக்கு மாறிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த மாற்றம் பயணிக்குச் சுமையாகாமல் இருக்கச் சில நிபந்தனைகள் உண்டு. அவை நிறைவேறாத இடத்தில் மேலே சொன்ன கணக்கு வெறும் காகிதக் கணக்காகிவிடும். இரண்டு வாகனங்களும் நிற்கும் இடங்கள் அருகருகே இருக்க வேண்டும். அந்த இடம் நிழலும் வெளிச்சமும் பாதுகாப்பும் உள்ளதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறியதற்காகப் பயணி மீண்டும் முழுக் கட்டணம் செலுத்தக் கூடாது. எந்த வாகனத்தில் எத்தனை முறை மாறினாலும் கடந்த மொத்தத் தொலைவுக்கு மட்டும் பணம் வாங்குவதை ஒருங்கிணைந்த கட்டணம் என்கிறார்கள். தென்கொரியத் தலைநகர் சோல் 2004 ஜூலையில் தன் பேருந்துகள் அனைத்தையும் சீரமைத்தபோது இதையே மையமாக வைத்தது. அதற்குமுன் தனியார் பேருந்து நிறுவனங்கள் லாபமுள்ள தடங்களில் பயணிகளுக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. சீரமைப்புக்குப் பின் தடங்களை மாநகர நிர்வாகம் முடிவு செய்தது; நிறுவனங்களுக்கு எத்தனை பயணிகளை ஏற்றினார்கள் என்பதைவிட எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்பதை வைத்துப் பணம் கொடுக்கப்பட்டது; நெடுந்தடம், இணைப்புத் தடம் என்று பேருந்துகளுக்கு வெவ்வேறு நிறம் தரப்பட்டது. பார்சிலோனா 2012 முதல் 2018 வரை படிப்படியாகத் தன் பேருந்துத் தடங்களைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமுமாகச் செல்லும் வலையாக மாற்றியதும், மாறிச் செல்வதை எளிதாக்கினால் இடைவெளியைக் குறைக்கலாம் என்ற இதே எண்ணத்தில்தான்.

எல்லோருக்கும் கொஞ்சமா, பலருக்கு நிறைவாகவா?

இங்கே ஒரு கடினமான தேர்வு எழுகிறது. இருக்கும் பேருந்துகளை மக்கள் நெருக்கமாக வாழும் தடங்களில் அடிக்கடி ஓட்டினால் பயணிகள் மிகுவார்கள். அவற்றையே நகரின் ஒவ்வொரு மூலைக்கும் பரப்பினால், யாரும் விடுபடமாட்டார்கள். ஆனால் எங்கும் மணிக்கு ஒன்றுதான் வரும். இரண்டுமே நியாயமான நோக்கங்கள். முதியவர் ஒருவர் தனியே வாழும் தொலைவான தெருவுக்குப் போகும் பேருந்தை, கூட்டமில்லை என்பதற்காக வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே பேருந்தால் இரு நோக்கங்களையும் நிறைவேற்ற முடியாது. எதற்கு எவ்வளவு என்று வெளிப்படையாக முடிவு செய்வதே நேர்மை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பேருந்து வலையை முழுவதுமாக மாற்றியமைக்கும்முன், வளத்தில் 80 விழுக்காடு பயணிகளைப் பெருக்குவதற்கு, 20 விழுக்காடு தொலைவான பகுதிகளை எட்டுவதற்கு என்று முதலில் தீர்மானித்துக்கொண்டது. தடங்களை வரையும் வேலை அதற்குப் பின்பே தொடங்கியது.

பயணிகள் மிகும்போது பேருந்துப் போக்குவரத்துக்கே உரிய ஒரு நன்மை கிடைக்கிறது. பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் இதை விளக்கினார். சாலையில் ஒரு கார் கூடினால் மற்ற எல்லோருடைய பயணமும் சற்றுத் தாமதமாகும். பேருந்துத் தடத்தில் பயணிகள் கூடினால் பேருந்துகள் கூட்டப்படும்; இடைவெளி குறையும்; ஏற்கெனவே பயணம் செய்தவர்களுக்கும் காத்திருப்பு குறையும். இதற்கு எதிரான சுழலும் உண்டு: பயணிகள் குறைந்தார்கள் என்று நடைகளைக் குறைத்தால், இடைவெளி நீண்டு, மேலும் பலர் விலகிப் போவார்கள். சிக்கன நடவடிக்கையாகத் தொடங்கும் வெட்டு, ஒரு வழித்தடத்தையே இல்லாமலாக்கும் வரை போவது இதனால்தான்.

ரயில் வந்தால் சாலை காலியாகுமா?

புதிய மெட்ரோ வந்ததும் சாலை நெரிசல் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும், தீராதபோது திட்டமே தோற்றுவிட்டது என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டன. சாலையில் இடம் கிடைத்தால், நெரிசலுக்கு அஞ்சி இதுவரை பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களும் வேறு நேரத்தில் போனவர்களும் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். இதற்குத் தூண்டப்பட்ட தேவை என்று பெயர். சாலையை அகலப்படுத்தினாலும் இதுவே நடக்கும். ஸ்டாக்ஹோம் 2005 ஆகஸ்டில் முதலில் பேருந்துச் சேவைகளைக் கூட்டியது. அதனால் மட்டும் சாலைப் போக்குவரத்து குறையவில்லை. 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியபின், அந்த எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே பொதுப் போக்குவரத்தின் வேலை, நெரிசலில் சிக்காமல் போய்வர மக்களுக்கு ஒரு வழி தருவது. சாலையைக் காலியாக்குவது வேறு கொள்கையின் வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் செய்வது மக்களுக்கு இழைக்கும் அநீதி.

இடத்தை முன்பே ஒதுக்குவது

லிஃப்ட் செல்லும் கூண்டுக்கு இடம் விடாமல் இருபது மாடி கட்டிவிட்டுப் பிறகு தளங்களைத் துளைப்பதை எந்தப் பொறியாளரும் பரிந்துரைக்கமாட்டார். வளரும் நகரங்களில் இது அன்றாடம் நடக்கிறது. வயலாக இருக்கும்போது ஒரு தடத்துக்கான இடத்தை ஒதுக்குவது எளிது. வீடுகள் எழுந்தபின் அதே இடம் நிலம் கையகப்படுத்தல், இடிப்பு, வழக்கு, மக்களின் கண்ணீர் என்று வளர்கிறது. கடைசியில் பூமிக்கடியில் போவதைத் தவிர வழியில்லாமல் போகிறது. கோபன்ஹேகன் 1947-இல் வகுத்த விரல் திட்டம், நகரம் எங்கு வேண்டுமானாலும் பரவாமல், ரயில் தடங்களை ஒட்டி ஐந்து விரல்களைப் போல நீள வேண்டும் என்றது. விரல்களுக்கிடையே பசுமை நிலங்கள். குரிட்டிபாவும் தன் பேருந்துத் தடங்களை ஒட்டியே உயரமான கட்டடங்களுக்கு அனுமதி அளித்தது. தடம் போகும் இடத்தில் மக்கள் வாழ்ந்தால்தான் பேருந்தை அடிக்கடி ஓட்ட முடியும் என்பது முன்பு பார்த்த கணக்கின் நேரடி விளைவு.

இரண்டு வகைச் செலவு

பாதை, நிலையம், வாகனம் ஆகியவற்றுக்கு ஒருமுறை ஆகும் செலவு மூலதனச் செலவு. சம்பளம், எரிபொருள் அல்லது மின்சாரம், பணிமனைப் பராமரிப்பு என்று ஒவ்வொரு நாளும் ஆகும் செலவு இயக்கச் செலவு. முன்னதற்குக் கடனும் மானியமும் எளிதில் கிடைக்கின்றன. திறப்பு விழாவும் உண்டு. பின்னதற்கு விழா இல்லை. ஆனால் வருகை இடைவெளியை வாங்குவது பின்னதுதான். ஓட்டுநர் இல்லாமல் பணிமனையில் நிற்கும் புதிய பேருந்து, பயணிக்கு ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தித் தருவதில்லை.

அப்படியானால் விரிவாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

கிலோமீட்டரைவிடப் பொருத்தமான அளவுகோல் ஒன்று உண்டு. அதை எட்டும் பரப்பு என்று சொல்லலாம். ஒருவர் தம் வீட்டிலிருந்து கிளம்பி, நடை, காத்திருப்பு, பயணம், மாறுதல் எல்லாம் சேர்த்து 45 நிமிடத்துக்குள் எங்கெல்லாம் போய்ச் சேர முடியும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டினால் கிடைப்பது அது. அந்தப் பரப்புக்குள் எத்தனை வேலையிடங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் அடங்குகின்றன என்று எண்ணலாம். ஒரு திட்டத்துக்கு முன்னும் பின்னும் இந்த வரைபடத்தை வரைந்து ஒப்பிட்டால், நீட்டப்பட்ட தடம் யாருக்கு எதைக் கொடுத்தது, யாரிடமிருந்து எதை எடுத்தது என்பது தெரிந்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு மட்டும் இதை வரைந்தால் போதாது. இரவு பத்து மணிக்குப் பணி முடித்து வெளியே வரும் செவிலியருக்காக வரையும்போது, பகலில் நகரம் முழுவதையும் தொட்ட பரப்பு சில தெருக்களாகச் சுருங்கிவிடுவது உண்டு. சக்கர நாற்காலியில் செல்பவருக்காக வரையும்போது, சாய்தளமோ லிஃப்டோ இல்லாத ஒவ்வொரு நிலையமும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். ரயில் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.